ஒதுக்கிக் கட்டிய கிளை

மரியே வாழ்க

முதுநகர், கடலூர்
19.3.2024

என் அன்பு மாலதிக்கு,

உன் ஷாலினி எழுதுவது. நீ, சபாபதி அண்ணன், ரேகாக்குட்டி மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அமலனும் சுகம். என் முதுகு மட்டும் சுகமில்லை. பிச்சாவரத்தில் அரை நாள் தோணியில் குந்தியிருந்ததை என் நாற்பத்துமூன்று வயது முதுகு இரண்டு நாளாகச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

படத்தைப் போனில் அனுப்பினால் போதாதா என்று கேட்பாய். போதாது. பிரிண்ட் போட்டுக் கையில் பிடித்தால்தான் அது படம். தவிர, தபால் ஆபீசில் உட்கார்ந்து ஸ்டாம்ப் குத்துகிற நானே தபால் போடாவிட்டால் இந்த ஊரில் வேறு யார் போடப்போகிறார்கள்?

உறைக்குள் இருப்பதை முதலில் பார். பார்த்துவிட்டு மேலே படி.

பார்த்தாயா? மூன்று குஞ்சும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. தாய்ப்பறவை மீனோடு வந்து இறங்குகிற அந்த ஒரு நொடி. அதன் கரும்பச்சை முதுகில் இறகு இறகாக எண்ணலாம். பன்னிரண்டு வருடமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஏரிகள், திருவந்திபுரத்துக் கெடிலக் கரை, பரங்கிப்பேட்டை முகத்துவாரம் என்று நான் வெயில் காயாத இடமில்லை. இப்படி ஒரு படம் எனக்கு வாய்த்ததே இல்லை.

இதை என் படம் என்று சொல்ல மாட்டேன். நம் படம். படகோட்டி சிங்காரம் அண்ணன் அந்தக் குறுகலான வாய்க்காலுக்குள் தோணியைத் திருப்பியதே உன் முகத்துக்காகத்தான். "எம் பொண்ணுக்குப் பாடம் சொல்லிக் குடுத்த டீச்சரம்மா கேக்குறாங்களேன்னு இட்டுக்கினு போறேன். வேற யாரையும் இந்தப் பக்கம் இட்டாறதில்ல" என்று அவர் சொன்னபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஜனாதிபதி விருது வாங்கிய மாதிரி இருந்தது.

கூட்டை மறைத்துக்கொண்டு அந்தத் தில்லைக் கிளை நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பச்சைக் கொக்கு கண்ணில் படுவதே அபூர்வம், அதன் கூட்டைக் கண்டும் படம் எடுக்க முடியாமல் திரும்புவதா என்று பையில் கத்தியைத் தேடினேன். நீ உன் டீச்சர் முகத்தை மாட்டிக்கொண்டாய். "வெட்டின, அவ்ளோதான். தில்லைப் பால் கண்ணுல பட்டா கண்ணே போயிடும், தெரியுமில்ல? அது கெடக்கட்டும், ஒரு போட்டோவுக்காக மரத்த வெட்டுவியா நீ?" என்றாய். அப்புறம் நீயே துப்பட்டாவை உருவி, கிளையை அலுங்காமல் ஒதுக்கி, பின்னால் இருந்த சுரபுன்னை வேரோடு சேர்த்துக் கட்டினாய். ஒரு இலைகூட உதிரவில்லை. வெயில் நேராகக் கூட்டுக்குள் இறங்கியது. அதற்கப்புறம் எடுத்தவைதான் எல்லாம்.

கிளம்புகிற நேரத்தில் அந்த நீர்நாய் வேறு. சிங்காரம் அண்ணன், "தண்ணி வத்திக்கினு போவுது, இப்ப கெளம்பலன்னா சேத்துல குந்திக்க வேண்டிதான்" என்று அவசரப்படுத்திய சமயம் பார்த்தா அது வாய்க்கால் முனையில் மூக்கை நீட்ட வேண்டும்? நான் விரட்ட, அது முங்கி முங்கி எழ, நீ சிரித்த சிரிப்பில் தோணி ஆட, ஒரு படமும் உருப்படவில்லை. போகட்டும், ஆசைக்கும் ஒரு அளவு வேண்டும்.

உன் வீட்டில் சாப்பிடாமல் ஓடிவந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. குருத்தோலை ஞாயிறுக்குக் கோயிலில் பாட்டுப் பயிற்சி. அடுத்த முறை வந்து இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறேன்.

உன் பிரியமுள்ள,
மேரி ஷாலினி


உ

கனகசபை நகர், சிதம்பரம்
1.4.2024

அன்புள்ள ஷாலினி,

உனக்கும் அமலன் அண்ணனுக்கும் எங்கள் மூவருடைய ஈஸ்டர் வாழ்த்து. ஒரு நாள் தாமதம்தான், மன்னித்துக்கொள். பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கிறது. ஹாலில் நின்று நின்று கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. அது முடிந்தால் தேர்தல் டியூட்டி. வாத்தியார் வேலைக்கு வந்தவள் எல்லா வேலையும் பார்த்துவிட்டேன், வாத்தியார் வேலையைத் தவிர.

படம் வந்தது. என்ன சொல்வது? இரவுச் சமையலை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்று குழம்பு தீய்ந்ததுதான் மிச்சம். ரேகா எட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல இருக்குற குஞ்சு ஷாலினி ஆன்ட்டி பேசுற மாதிரியே வாயத் தொறந்துக்கினு இருக்கு" என்றாள். அடித்தேன் என்று வைத்துக்கொள். ஆனால் உண்மைதான்.

ஷாலினி, ஒரு சின்ன விஷயம். என் துப்பட்டா உன் பையில் இருக்கிறதா? கிளம்பும்போது நான் அவிழ்க்க எழுந்தேன். "எந்திரிக்காத, தோணி ஆடுது, நான் அவுத்துடறேன்" என்று நீதானே என்னை உட்காரவைத்தாய். நீ முன்பக்கம் இருந்தாய், உனக்குத்தான் அது கைக்கெட்டும் தூரம். அதற்குள் நீர்நாய் வந்தது. அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. நீ எடுத்து வைத்திருப்பாய் என்றுதான் இருந்தேன்.

துப்பட்டா போனால் போகிறது, பழையது. அவிழ்த்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

என்றும் உன்,
மாலதி


மரியே வாழ்க

முதுநகர்
10.4.2024

என் அன்பு மாலதிக்கு,

உன் கடிதம் கண்டேன். கால் வீக்கத்துக்கு வெந்நீரில் கல்லுப்பு போட்டு வை. டீச்சருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது பார்.

இங்கே ஈஸ்டர் நன்றாகப் போயிற்று. அமலனுக்கு என்ன தோன்றியதோ, உனக்கு அனுப்பிய அதே படத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து, ஹாலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்கள் முதலில் மாதாவைக் கும்பிட்டுவிட்டு அடுத்து கொக்கைக் கேட்கிறார்கள். இத்தனை வருடமாக "அந்தக் கேமராவுக்கு ஒரு பொட்டு வெச்சு மருமவளாக் கூட்டிக்கினு வா" என்று கிண்டல் செய்த மனுஷன், இப்போது யார் வந்தாலும் "எம் பொண்டாட்டி எடுத்தது" என்கிறார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத்தான் தெரியும்.

இன்னொரு சேதி. புதுச்சேரியில் ஒரு புகைப்படக் குழு இயற்கைப் படங்களுக்குப் போட்டி வைத்திருக்கிறது. இந்தப் படத்தை அனுப்பிவிட்டேன். ஒன்றும் கிடைக்காது என்று தெரியும். சும்மா ஒரு ஆசைதான்.

துப்பட்டாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். என் பை உனக்குத் தெரியுமே, அதற்குள் போனது ஒரே நாளில் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. கிடைக்காவிட்டால் அதைவிட நல்லதாக ஒன்று எடுத்துத் தருகிறேன். நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே.

ரேகாவிடம் சொல், ஆன்ட்டி வாயைத் திறந்தால் மூடத் தெரியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கும்.

உன் பிரியமுள்ள,
ஷாலினி


உ

சிதம்பரம்
23.4.2024

ஷாலினிக்கு,

ஒரு வரி கேட்டேன். ஒரு பக்கம் எழுதினாய். அதில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

ஹாஸ்டலில் நம் அறைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தோமே, சண்டையை வாயால் போடக்கூடாது, எழுதித்தான் போட வேண்டும் என்று. வாயால் போட்டால் பக்கத்து அறைக்குக் கேட்கும் என்பதற்காக வைத்த சட்டம். எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்கப் போவோம். அதனால்தான் உனக்குப் போன் செய்யாமல் எழுதுகிறேன். ஆனால் எழுத எழுத இது ஆறவில்லை.

தேர்தல் டியூட்டி முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை நான் பிச்சாவரம் போனேன். துறையில் சிங்காரம் அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார். ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே என் துப்பட்டா. துவைத்து, மடித்து வைத்திருந்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாம போயிட்டு வந்த மறுநாளு மத்தியானம் பெரிய ஆத்துல சவாரி போனேம்மா. தூரத்துல அந்தக் கொக்கு கூட்டு மேல எறக்கைய விரிச்சிக்கினு நின்னுச்சு. எறக்கைய காய வெக்குதுன்னு நெனச்சிக்கினு போயிட்டேன். நாலாம் நாளு வாய்க்காலுக்குள்ள போனாக்கா துணி அப்படியே கட்டிக் கெடக்குது. கூட்டுல ரெண்டு குஞ்சு காஞ்சி கெடந்துச்சு. ஒண்ணக் காணோம், காக்கா தூக்கிக்கினு போயிருக்கும். தாய் இல்ல."

"ஏண்ணே எனக்கு ஒரு போன் பண்ணல?" என்று கேட்டேன்.

"உங்களாண்ட எப்பிடிம்மா சொல்றது. நல்லா சிரிச்சிக்கினு போனீங்க" என்றார்.

அது இறக்கையைக் காய வைக்கவில்லை ஷாலினி. நாம் எடுத்துவிட்ட நிழலுக்குப் பதிலாகத் தன்னுடையதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அப்படியே எவ்வளவு நேரம் நிற்க முடியும்? இரை தேடப் போகாமல் முடியுமா? போகிற நேரமெல்லாம் வெயில்.

என்னைக் கூட்டிப் போகச் சொன்னேன். கூடு இருந்தது. கிளை பழைய இடத்துக்கு வந்து கூட்டை மூடிக்கொண்டிருந்தது, இப்போது மூடி என்ன? ஒரு இலைகூட உதிராமல் கட்டினேன் என்று நானும் பெருமைப்பட்டேன். வெட்டியிருந்தால் பாவம் என்று தெரிந்திருக்கும், அந்த உறுத்தலில் கூட்டுக்கு என்ன ஆகும் என்றாவது யோசித்திருப்போம்.

நீ அன்றைக்கு மறந்தாயா, அதை மட்டும் சொல். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நான் புரிந்துகொள்வேன். நானும்தான் தோணியில் இருந்தேன்.

மாலதி


முதுநகர்
30.4.2024

மாலதிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் நான் ஏதோ கொலைக்குற்றவாளி என்பதுபோல்தான் இருந்தது.

நீர்நாயைப் பார்த்ததும் எல்லோரும்தான் திரும்பினோம். தோணியைத் தள்ளியது சிங்காரம் அண்ணன். முப்பது வருடமாக அந்தக் காட்டுக்குள் போகிறவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டாமா? கட்டியது நீ. கட்டிய உனக்கு இருந்திருக்க வேண்டாமா? நான் கண்ணைக் கேமராவில் வைத்திருந்தேன். படம் எடுக்கிறவளுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தெரியாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

காட்டில் எத்தனையோ கூடு கலைகிறது. காற்றடித்தால் கலைகிறது, காக்கை கலைக்கிறது, பாம்பு ஏறுகிறது. இந்த வருட வெயிலுக்கு மனிதர்களே சுருண்டு விழுகிறார்கள். நம் துப்பட்டாவால்தான் என்று உனக்கு யார் சொன்னார்கள்?

நீ நல்லவள். எப்போதும் நீதான் நல்லவள். ஹாஸ்டலிலும் அப்படித்தான்.

ஷாலினி


சிதம்பரம்
6.5.2024

ஷாலினி,

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. இனிமேல் கேட்கவில்லை.

உன் படத்தை உறையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். போட்டிப் படிவத்தில், பறவைக்கு இடைஞ்சல் செய்யாமல் எடுத்த படம் என்று ஒரு வரி இருக்குமே, அதன் கீழே கையெழுத்துப் போட்டிருப்பாய். அதை நீயே ஒரு தரம் நினைத்துப் பார்.

மாலதி


மரியே வாழ்க

முதுநகர்
25.6.2024

என் மாலதிக்கு,

ஐம்பது நாளாகக் கடிதம் எழுதாமல் இருந்தேன். இருபத்துமூன்று வருடத்தில் இவ்வளவு நாள் நாம் பேசாமல் இருந்ததில்லை. எனக்குக் கல்யாணம் ஆனபோதுகூட மூன்றாம் நாளே உனக்கு எழுதிவிட்டேன், அமலன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் விழா. நானும் அமலனும் போனோம். ஒரு பெரிய ஹாலில் சுவரெல்லாம் படம். நம் படம் நடுவில், தனி விளக்கோடு. நடுவராக வந்த ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து, "இந்தப் பறவை அடர்த்தியான நிழலில்தான் கூடு கட்டும். அந்த இருட்டில் இவ்வளவு வெளிச்சம் இந்தம்மாவுக்கு எப்படிக் கிடைத்ததோ தெரியவில்லை. பொறுமையாகக் காத்திருந்து பிடித்திருக்கிறார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அமலனும் தட்டினார். என்னை மேடைக்கு வரச் சொன்னார்கள்.

போனேன் மாலதி. சால்வையை வாங்கிக்கொண்டேன். ஏதோ பேசினேன். இறங்கி வந்து உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். மறந்தது உண்மை. நீர்நாயைப் பார்த்தபோது மறந்தேன். ஆனால் அது அந்த வாய்க்காலோடு முடியவில்லை.

அன்றைக்குச் சிதம்பரத்தில் பன்னிரண்டரை மணிக்குப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கேமராவில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தேன். புதுச்சத்திரம் தாண்டும்போது இந்தப் படம் வந்தது. என்ன வெளிச்சம் என்று நானே அசந்துபோனேன். அசந்த அந்த நொடியில் ஞாபகம் வந்துவிட்டது, கிளையை அவிழ்க்கவில்லை. மணி ஒன்று. வெயில் உச்சியில். போன் மடியில்தான் கிடந்தது. சிங்காரம் அண்ணன் நம்பரைக் காலையில்தான் பதிந்திருந்தேன். தண்ணீர் வற்றியிருந்தாலும் அவர் சேற்றில் இறங்கி நடந்தாவது போயிருப்பார். உனக்கு ஒரு போன் போட்டிருந்தாலும் போதும், நீ அவரைத் துரத்தியிருப்பாய்.

போடவில்லை. ஏன் என்று நூறு தடவை கேட்டுக்கொண்டேன். சொன்னால் நீ திட்டுவாய் என்று நினைத்தேன். முதல் காரணம் அவ்வளவுதான், வேறு பெரிதாக ஒன்றுமில்லை. நல்லா இருந்த நாளை நாமே கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு கிளைதானே, காற்றடித்தால் தானே அவிழும் என்று நினைத்தேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் அவிழ்ந்திருக்கும் என்று நம்பவே ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் படத்தைத் திரும்பப் பார்க்கத் தொடங்கினேன்.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அமலனிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் ஆபீசில் தெரியாமல் சிக்கன் பப்ஸ் தின்றதைச் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை. ஒரு கொக்குக் கூட்டைப் போய்ச் சாமியாரிடம் சொல்வார்களா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று எனக்கே தெரிந்திருக்கிறது பார், இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

நீ நல்லவள் என்று ஏப்ரலில் குத்தலாக எழுதினேன். அதை எழுதியபோது நான் அழுதுகொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்புவாயோ மாட்டாயோ.

நேற்றுப் புதுச்சேரிக்காரர்களுக்கு எழுதிப் போட்டுவிட்டேன், நடந்ததை நடந்தபடி. சால்வையையும் கேடயத்தையும் பார்சலில் திருப்பி அனுப்பினேன், நம் ஆபீசிலேயே. கவுண்டரில் நானே எடை போட்டேன். ஹாலில் இருந்த படத்தை இறக்கிவிட்டேன். அமலன் ஏன் என்று கேட்டார். சொன்னேன். அப்புறம், "மாலதியாண்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் உன்னைப் பார்க்க வேண்டும். இது எழுதித் தீருகிற சண்டை இல்லை. ஜூலை 14 ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடலூர் பஸ்ஸில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். வீட்டுக்கு வர எனக்கு முகம் இல்லை. நீ அங்கே வந்தால் பேசுவோம். திட்டினாலும் சரி.

உன்,
ஷாலினி


உ

சிதம்பரம்
4.7.2024

அன்புள்ள ஷாலினி,

கடிதம் வந்தது. ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்துவிட்டேன், படித்திருக்கக் கூடாது. அடுத்த பீரியடில் எட்டாம் வகுப்புக்கு இலையின் பாகங்கள் நடத்த வேண்டியிருந்தது.

நீ உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். நீ எடுத்து வைத்திருப்பாய் என்று நினைத்தேன் என எழுதினேனே, அதில் பாதிதான் உண்மை. அன்று வீட்டுக்கு வந்து குளிக்கப் போனபோதே துப்பட்டா இல்லை என்று பார்த்தேன். மணி ஒன்றரை இருக்கும். உன்னைக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். பசித்தது. சாப்பிட்டுவிட்டுக் கேட்கலாம் என்று வைத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது, அவள் எடுத்திருப்பாள், அவள் பொறுப்பானவள் என்று மனதில் முடிந்துபோயிருந்தது. உன்னை நம்பினேன் என்று சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறது. சோம்பல் என்பதுதான் சரியான வார்த்தை. பதினைந்து நாள் கழித்துப் பரீட்சை ஹாலில் நிற்கும்போதுதான் உள்ளே ஏதோ உறுத்தியது.

அதனால் உன்னை மன்னிக்க நான் யார்? அதைக் கேட்காதே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ மறந்ததற்கு எனக்குக் கோபமில்லை. பஸ்ஸில் போன் செய்யாததற்குக்கூட, நான் செய்ததை நினைத்தால், பெரிய கோபமில்லை. நான் திட்டுவேன் என்று பயந்தாய் என்கிறாயே, அதுதான் பொறுக்கவில்லை. இருபத்துமூன்று வருடத்தில் என் திட்டைக் கேட்டு நீ ஒரு தோசையாவது குறைத்துச் சாப்பிட்டிருக்கிறாயா? எனக்குப் பயந்து மூன்று உயிர் போகிற அளவுக்கு நான் உனக்கு யாராக இருந்தேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அது தெரியாமல் உன் எதிரில் எப்படி உட்காருவது?

14-ம் தேதி வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வா என்று எழுதக் கை வரவில்லை. வராதே என்று எழுதவும் வரவில்லை. பார்க்கலாம்.

மாலதி


மரியே வாழ்க

முதுநகர்
16.7.2024

என் மாலதிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். வந்திருந்தேன்.

இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஜங்ஷனில் காலை ரயிலைப் பிடித்து ஒன்பது மணிக்கெல்லாம் சிதம்பரம் வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஓட்டலில் ஜன்னலோரம் உட்கார்ந்து காப்பி சொன்னேன். நீ வரமாட்டாய் என்று என்னைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நீ வந்தாய். நீலப் புடவை. கொஞ்சம் இளைத்திருக்கிறாய். கடலூர் பஸ் வந்து நிற்கிற இடத்தில் போய், தூணோரமாக நின்றாய்.

நான் எழுந்து வந்திருக்க வேண்டும். இருபதடி. ஜன்னலிலிருந்து கூப்பிட்டிருந்தால்கூடக் கேட்டிருக்கும். முதல் பஸ் வந்தது. இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் நீ பார்த்தாய். கடைசி ஆள் இறங்கிய பிறகும் படியேறி உள்ளே எட்டிப் பார்த்தாய். என்னைத் தேடுகிறாய். இத்தனைக்குப் பிறகும் என்னைத் தேடுகிறாய். அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. இன்னும் ஒரு நிமிடம், இன்னும் ஒரு நிமிடம் என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பஸ் வந்தது. மூன்றாவது வந்தது. நீ ஒவ்வொன்றுக்கும் எட்டிப் பார்த்தாய். நாலாவது பஸ்ஸுக்கு நீ எட்டிப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. பில்லைக்கூடக் கொடுக்காமல் எழுந்து ஓடிவந்தேன். ஓட்டல்காரர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். சில்லறையைத் தேடிக் கொடுத்துவிட்டு வெளியே வருவதற்குள் நீ ஏறிய ஆட்டோ கீழவீதிப் பக்கம் திரும்பிவிட்டது.

போன் அப்போதும் என் கையில்தான் இருந்தது.

நேற்று முழுக்க இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். ஆலப்பாக்கத்தில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது, பதினொன்றரைக்குத்தான் வந்து சேர்ந்தேன், நீ போய்விட்டிருந்தாய் என்று ஒரு பக்கம். நன்றாகவே வந்திருந்தது. நீ நம்பியிருப்பாய். "சனியனே, அடுத்த ஞாயிறு வீட்டுக்கே வந்து தொலை" என்று பதில் எழுதியிருப்பாய். ரேகா கதவைத் திறந்திருப்பாள். எனக்கு நீ திரும்பக் கிடைத்திருப்பாய்.

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஓட்டல் ஜன்னலில் உட்கார்ந்து ஐம்பது நிமிடம் உன்னைக் காக்க வைத்து வேடிக்கை பார்த்தேன். இதைப் படித்த பிறகு நீ எனக்கு எழுத மாட்டாய். எழுத வேண்டாம்.

ஷாலினி